டர்போ இன்ஜினில் இக்னிஷன் டைமிங் கற்பது: டைனோவிலா, சாலையிலா, தொலைவில் இருக்கும் ஆசானிடமா?

டியூனிங்கில் எரிபொருள் மேப்பை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணையைக் கற்பது ஓரளவு எளிது. எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தினால், லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தின் அளவு) 0.80-இல் இருக்கிறதா 0.90-இல் இருக்கிறதா என்று அதுவே எண்ணாகக் காட்டிவிடும். நாம் குறித்த எண்ணும் வந்த எண்ணும் பொருந்தவில்லை என்றால் மேப்பில் அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டியதுதான். இக்னிஷன் டைமிங்குக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் எத்தனை டிகிரி சுழல இருக்கும்போது ஸ்பார்க் கொடுப்பது என்பதற்கு, இப்படி நேராகப் பதில் சொல்லும் சென்சார் சாதாரணக் காரில் கிடையாது. 22 டிகிரி சரியா, 25 டிகிரி சரியா என்பதற்கு இரண்டே சாட்சிகள்தான்: டார்க் (கிராங்க்கைத் திருப்பும் விசை), நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது). ஆகவே சாலையிலா டைனோவிலா (காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு டார்க்கை அளக்கும் கருவி), யாரிடம், எந்தக் கருவியோடு கற்பது என்று யோசிப்பவர் ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த இரண்டு சாட்சிகளையும் ஒரே நேரத்தில் இந்த வழி எனக்குக் காட்டுமா? கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் டர்போ ஏன் தனிக் கதை என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்பார்க் விழுந்த உடனே அழுத்தம் உச்சத்துக்குப் போவதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் கொடுக்கிறோம். அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் டாப் டெட் சென்டரைத் தாண்டி சுமார் 14 முதல் 16 டிகிரியில் வரும்போது கிராங்க்குக்கு அதிகபட்ச டார்க் கிடைக்கும். அதைத் தரும் மிகக் குறைந்த அட்வான்ஸை, அதாவது ஸ்பார்க்கை முன்தள்ளும் டிகிரியைத்தான் டியூனர்கள் எம்பிடி என்கிறார்கள். டர்போ இல்லாத இன்ஜினில், நல்ல பெட்ரோல் இருந்தால், பல இடங்களில் எம்பிடியைத் தொட்டுவிடலாம். டர்போவில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏறியபின் அது பெரும்பாலும் நடக்காது. காற்று அடர்த்தியாகவும் சூடாகவும் உள்ளே வருகிறது. தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்தில் இருக்கும் கலவை, எம்பிடிக்கு முன்பே தானாகப் பற்றி வெடித்துவிடுகிறது. அதாவது குறைந்த லோடில் (இன்ஜின் லேசாக உழைக்கும்போது) நம்மை நிறுத்துவது டார்க், பூஸ்டில் நம்மை நிறுத்துவது நாக்கிங். ஒரே மேப்பின் இரண்டு பகுதிகளை இரண்டு வெவ்வேறு விதமாகக் கற்க வேண்டியிருக்கிறது. கற்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் 10.25:1 கம்ப்ரஷனோடு டர்போவையும் வைத்தார்கள். நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே தெளிக்க வேண்டியிருந்தது. 1978-இல் பியூக்கின் டர்போ வி6, நாக் சென்சார் சொன்னபடி ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்தது. 1980-களின் தொடக்கத்தில் சாப் கொண்டுவந்த ஏபிசி அமைப்பு, நாக்கிங் கேட்டால் பூஸ்டையே குறைத்தது. மூவரும் பிடித்த எதிரி ஒன்றே. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பிடித்தார்கள்.

"அப்படியானால் டைமிங்கைக் குறைத்தே வைத்துவிடலாமே, பாதுகாப்புதானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிதலும் தாமதமாகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக டர்பைனுக்குப் போகிறது. பல பெட்ரோல் டர்போக்களுக்கு டர்பைன் நுழைவில் 950 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம்தான் நீண்ட நேரம் தாங்கும் எல்லை. அட்வான்ஸ் கூடினால் பிஸ்டன் உடையும், ரிடார்ட் (ஸ்பார்க்கின் தாமதம்) கூடினால் டர்போவும் எக்ஸாஸ்ட் வால்வும் வேகும். நடுவில் இருக்கும் இடம் பூஸ்ட் ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகும்.

சாலையில் லாக் எடுத்துக் கற்பது

செலவு குறைவு என்பதால் பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான். லேப்டாப்பை இசியுவோடு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைத்து, மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, லாக்கை (பதிவான எண்களை) பார்த்து, மேப்பை மாற்றி, மறுபடி ஓட்டுவது. இந்த வழியைக் கற்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சாலையில் டார்க் தெரியாது. ஆர்பிஎம் ஏறும் வேகத்தை வைத்து டார்க்கைக் கணக்கிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் சிறு ஏற்றம், எதிர்க்காற்று, டயர் வழுக்கல் எல்லாம் அந்தக் கணக்கில் நுழைந்துவிடும். 2 டிகிரி மாற்றத்தால் வரும் டார்க் வித்தியாசம் அந்தச் சலசலப்புக்குள் காணாமல் போகும். ஆக இரண்டு சாட்சிகளில் ஒன்று ஆரம்பத்திலேயே இல்லை. மிஞ்சியது நாக்கிங். அதை மட்டும் வைத்துக் கற்பவர், நாக்கிங் வரும்வரை ஏற்று, வந்ததும் கொஞ்சம் இறக்கு என்பதை ஒரு முறையாகவே பழகிவிடுகிறார். குறைந்த லோடில் இது நேரடியாகத் தவறான பாடம். அங்கே எம்பிடியைத் தாண்டி 8 டிகிரி போனாலும் நாக்கிங் வராமல் இருக்கலாம். டார்க் குறைந்துகொண்டிருக்கும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது நேரம். முழு த்ராட்டிலில் இன்ஜின் 3000-இலிருந்து 6500 ஆர்பிஎம் வரை சில விநாடிகளில் ஏறிவிடுகிறது. மேப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் அது தங்குவது ஒரு விநாடியின் சிறு பங்கு. விநாடிக்கு 10 முறை மட்டும் பதிவுசெய்யும் லாக் என்றால் ஒரு கட்டத்துக்கு ஓரிரு புள்ளிகள்தான் மிஞ்சும். அதை வைத்து முடிவெடுப்பது துணிச்சல். இதற்கெல்லாம் மேலாக, கண் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில் திரைக்குப் போகும். பொதுச் சாலையில் இதைச் செய்வது மற்றவர்களின் உயிரோடும் சம்பந்தப்பட்டது; மூடிய பாதை, ஓட்டுபவர் ஒருவர், லேப்டாப்புக்கு இன்னொருவர் என்பதற்குக் குறைந்து எதையும் ஏற்கக்கூடாது.

சாலைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது; அதை மறுக்க முடியாது. இன்டர்கூலருக்குள் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உண்மையான காற்று பாய்வது அங்கேதான். டைனோ அறையில் எவ்வளவு பெரிய மின்விசிறி வைத்தாலும் வேகமாக ஓடும் கார் சந்திக்கும் காற்று வராது. இன்டேக் காற்றின் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது, நீண்ட ஏற்றத்தில் உயர்ந்த கியரில் இன்ஜின் நீண்ட நேரம் பூஸ்டில் உழைக்கும்போது நாக்கிங் எல்லை எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் ஓடும் காரில்தான் தெரியவரும். ஆகவே கற்றதைச் சரிபார்க்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

டைனோ: ஆனால் எந்த டைனோ?

டைனோ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் இருக்கின்றன. கற்பவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

இனர்ஷியா டைனோவில் கனமான உருளையை கார் சுழற்றுகிறது. உருளை எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதிலிருந்து டார்க் கணக்கிடப்படுகிறது. முழு த்ராட்டில் ஓட்டம் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும். ஒரே ஆர்பிஎம்மில் இன்ஜினைப் பிடித்து நிறுத்த மட்டும் இதனால் முடியாது. லோட் டைனோவில் எடி கரண்ட் பிரேக் போன்ற ஒரு அமைப்பு, நீங்கள் த்ராட்டிலை எவ்வளவு திறந்தாலும் ஆர்பிஎம்மை 3000-இல் அப்படியே பிடித்துக்கொள்ளும். இக்னிஷன் கற்பதற்கு இந்தப் பிடிப்புதான் தேவை.

ஏன் என்பதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 3000 ஆர்பிஎம், மேனிஃபோல்ட் (காற்று உள்ளே வரும் குழாய்) அழுத்தம் 60 கிலோபாஸ்கல். இரண்டும் அசையவில்லை, கூலண்ட் வெப்பம் நிலையாக இருக்கிறது. டைமிங்கை மட்டும் 24, 27, 30, 33, 36 என்று ஏற்றுகிறீர்கள். டார்க் 92, 96, 98, 99, 99 நியூட்டன் மீட்டர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 டிகிரி கொடுத்தது 4. கடைசி 3 டிகிரி கொடுத்தது ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் 32 அல்லது 33-ஐ எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இந்த வளைவு மேலே போய்ச் சமதளமாவதைத் தன் கண்ணால் திரையில் பார்த்தவருக்கு, டைமிங் பற்றிய அடிப்படை ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும். உச்சிக்கு அருகில் 2 டிகிரிக்கு மதிப்பே இல்லை என்பது அப்போதுதான் மனதில் பதியும். அந்த அறிவுதான் பிறகு பூஸ்டில் பேராசையைக் கட்டுப்படுத்துகிறது. 2 டிகிரி கூட்டினால் 1 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது என்று தெரிந்தவர், அதற்காக நாக்கிங் எல்லையின் விளிம்பில் நிற்க மாட்டார்.

பூஸ்டில் இப்படி ஒரே இடத்தில் நீண்ட நேரம் பிடித்துவைக்கக் கூடாது. வெப்பம் கூடிக்கொண்டே போகும், இன்ஜின் தாங்காது. அங்கே குறுகிய ஓட்டங்கள், நடுவில் ஆற விடுதல். வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் மட்டும் தரும் குறைந்த பூஸ்டில் தொடங்கி, எதிர்பார்க்கும் டைமிங்கைவிட 5, 6 டிகிரி குறைவாக வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 அல்லது 2 டிகிரி ஏற்றுவது. டார்க் ஏறுவது நின்றால் நிறுத்தம். நாக்கிங்கின் முதல் அடையாளம் வந்தால் உடனே பின்வாங்கி, அதற்கும் கீழே 2 டிகிரியாவது விட்டுவைப்பது. ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறை என்ற பழைய வாய்ப்பாடு, முதல் மேப்பை எழுதத் தொடங்க உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். கம்ப்ரஷன் விகிதம், எரியறையின் வடிவம், எரிபொருள், கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

டைனோவின் குறை வாடகை. கற்பவர் மெதுவாகத்தான் போவார். மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது மனம் அவசரப்படும். முழு மேப்பையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், ஒரு நாள் குறைந்த லோடுக்கு மட்டும், இன்னொரு நாள் பூஸ்டுக்கு மட்டும் என்று பிரித்து எடுத்தால் பணத்துக்குப் பலன் அதிகம்.

தொலைவிலிருந்து வழிகாட்டும் ஆசான்

நீங்கள் லாக் அனுப்புகிறீர்கள், அனுபவசாலி ஒருவர் திருத்திய மேப்பை அனுப்புகிறார். கார் நன்றாக ஓட வேண்டும் என்பது மட்டும் நோக்கமானால் இது நல்ல ஏற்பாடு. கற்பது நோக்கமானால், வழக்கமாக நடக்கும் விதத்தில் இதில் கற்பதற்கு ஏதுமில்லை. முடிவெல்லாம் அவருடையது, நீங்கள் செய்வது ஓட்டுநர் வேலை. முறையை மாற்றிக்கொண்டால் நிலைமை மாறும். மேப்பில் என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள், ஏன் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். அவர் சரி, தவறு என்று சொல்லட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் ஆசான் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அப்போதும் ஒரு குறை தீராது: உங்கள் இன்ஜினின் சத்தம் அவர் காதுக்கு எட்டாது. லாக்கில் நாக் சென்சார் காட்டும் எண் மட்டும்தான் அவரிடம் இருக்கும்.

பட்டறையில் ஒருவரின் பக்கத்திலேயே நின்று கற்பது இதைவிட ஒரு படி மேல். உடைந்த ரிங் லேண்டையும் (பிஸ்டனில் வளையங்களுக்கு இடையே உள்ள விளிம்பு), போர்சலினில் அலுமினியத் துகள் ஒட்டிய ஸ்பார்க் ப்ளக்கையும் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு நாக்கிங் என்பது திரையில் தெரியும் எண்ணாக மட்டும் இருக்காது. ஆசானின் பழக்கங்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்வோம் என்பதால், ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்பவரிடம் போய்ச் சேருங்கள். "எப்போதும் இப்படித்தான் வைப்போம்" என்பவரிடம் கற்றது அடுத்த இன்ஜினில் உதவாது.

வீடியோ பாடங்களும் சிமுலேட்டர்களும் மேப்பை வாசிக்கவும் மென்பொருளில் கை பழகவும் உதவும். முதல் டைனோ நாளுக்கு முன் அவற்றை முடித்துவிட்டுப் போவது பணத்தை மிச்சப்படுத்தும்.

எந்தக் காதை நம்புவது

கற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த இரண்டாவது தேர்வு முக்கியம் என்பது என் எண்ணம். பூஸ்டில் நாக்கிங்தான் எல்லைக்கோடு என்றால், அதைக் கேட்கத் தெரியாதவர் எந்த டைனோவில் நின்றாலும் குருடர்தான்.

முதலாவது, காரோடு வரும் நாக் சென்சார். நாக்கிங் ஏற்படும்போது சிலிண்டருக்குள் அழுத்த அலை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்கிறது. 900-ஐ, பை எண்ணால் பெருக்கிய போர் (சிலிண்டர் துளை) ஆரத்தால் வகுத்தால் அது கிலோஹெர்ட்ஸில் தோராயமாகக் கிடைக்கும். ஆரத்தை மில்லிமீட்டரில் போட வேண்டும். 86 மில்லிமீட்டர் போர் என்றால் சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸ். இசியு அந்த அலைவரிசையை மட்டும், எரிதல் நடக்கும் சில டிகிரி சாளரத்தில் மட்டும் கேட்கும். வால்வு மூடும் சத்தம், இன்ஜெக்டர், ஃபோர்ஜ்டு பிஸ்டனின் தட்டல் எல்லாம் இதே எல்லைக்குள் வந்து ஏமாற்றக்கூடும். இன்ஜினின் உள்பாகங்களை மாற்றிய பிறகு தொழிற்சாலை அளவீட்டை அப்படியே நம்புவது ஆபத்து. ஒன்று பொய்யாக அலறும், அல்லது நிஜத்தைத் தவறவிடும்.

இரண்டாவது, பிளாக்கில் பொருத்திய சென்சாரின் ஒலியைப் பெருக்கி ஹெட்போனில் கேட்பது. கற்பவர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கச் சொல்வேன். இன்ஜினின் தொடர் இரைச்சலுக்கு நடுவே நாக்கிங் தனியாகத் தெறிக்கும், தகரக் கூரையில் சரளைக்கல் விழுவதைப் போல. அந்த ஒலியை முதல்முறை பெரிய பூஸ்டில் கேட்கக் கூடாது. லோட் டைனோவில் 2000 ஆர்பிஎம் சுற்றுவட்டாரத்தில், பூஸ்ட் ஏறாத லோடில், டைமிங்கை மெல்ல ஏற்றி, லேசாக ஒன்றிரண்டு தெறிப்பு கேட்டதும் இறக்கிவிடுங்கள். அந்த அழுத்தத்தில் ஓரிரு லேசான நாக்கிங் உடனே சேதம் செய்வது அரிது. காதுக்கோ அடையாளம் கிடைத்துவிடும். அதே நேரத்தில் லாக்கில் சென்சார் என்ன காட்டியது என்று பார்த்தால், உங்கள் காரின் நாக் சென்சார் எவ்வளவு உண்மை பேசுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, சிலிண்டர் அழுத்தத்தை நேராக அளக்கும் சென்சார். அழுத்த உச்சம் எத்தனை டிகிரியில் வருகிறது என்றே காட்டிவிடும். ஆராய்ச்சிக்கூடங்களிலும் பந்தய அணிகளிலும் பயன்படுவது. விலையும் அந்த அளவுக்குத்தான். வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறை பாருங்கள், வாங்க யோசிக்க வேண்டாம்.

நாக் கன்ட்ரோல்தான் இருக்கிறதே, அதுவே சரிசெய்துகொள்ளட்டும் என்று மேப்பைத் தாராளமாக எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. அது நாக்கிங் நிகழ்ந்த பிறகுதான் டைமிங்கை இழுக்கும். மோசமான பெட்ரோலோ, வெப்பமான நாளோ வந்தால் காப்பாற்றுவதற்காக வைத்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அது வேலை செய்கிறது என்றால் மேப் தவறு. இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ப்ரீ-இக்னிஷன், நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு கொடுக்கும்போது வரக்கூடியது. டைமிங்கை எவ்வளவு இறக்கினாலும் அது நிற்காது. அந்தப் பகுதியில் பூஸ்டைக் குறைப்பதுதான் வழி.

இசியுவும் எரிபொருளும்

தொழிற்சாலை இசியுவைத் திருத்தி எழுதுவதா, தனி இசியு போடுவதா? ஓட்டும் சுகத்துக்கு முதலாவது, கற்பதற்கு இரண்டாவது. புதிய கார்களின் இசியு டார்க்கை மையமாக வைத்துக் கணக்கிடுகிறது. நீங்கள் மேப்பில் எழுதிய டைமிங் ஸ்பார்க் ப்ளக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டார்க் கோரிக்கை, கியர் மாற்றம், வெப்பத் திருத்தம், நாக் கற்றல் என்று பல கைகள் மாறுகிறது. தனி இசியுவில் ஆர்பிஎம் ஒரு பக்கம், மேனிஃபோல்ட் அழுத்தம் ஒரு பக்கம் என்று ஒரே அட்டவணை. போட்டது வருகிறதா என்று உடனே தெரியும். ஆனால் அதில் முதல் வேலை டைமிங் லைட்டோடுதான். இசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, கிராங்க் புல்லியின் குறியில் அதே 10 தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏறும்போது அது நகராமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே 5 டிகிரி பிழை இருந்தால் மேப்பின் ஒவ்வொரு எண்ணும் 5 டிகிரி பொய்.

எரிபொருளில், இ85 (பெரும்பகுதி எத்தனால் கலந்த பெட்ரோல்) கிடைத்தால் எளிதாயிற்றே என்று தோன்றும். எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது, ஆக்டேனும் உயரம். பூஸ்டிலும் எம்பிடியை நாக்கிங் இல்லாமல் தொட முடியலாம். கற்பவருக்கு அதனாலேயே அது முதல் எரிபொருளாக வேண்டாம். எச்சரிக்கும் ஒலியே வராமல் சிலிண்டர் அழுத்தம் ஏறி, கனெக்டிங் ராடு வளையும் இடம்வரை போய்விடலாம். நீங்கள் எப்போதும் போடும் பம்ப் பெட்ரோலில், குறைந்த பூஸ்டில் காதைப் பழக்கிய பிறகு அதற்கு மாறலாம்.

என் தேர்வைக் கேட்டால்: தனி இசியு, ஒலிபெருக்கும் ஹெட்போன், லோட் டைனோவில் குறைந்த லோடுக்கு ஒரு நாள், காரணம் சொல்லும் ஆசான் ஒருவர் பக்கத்தில் இருக்க பூஸ்டுக்கு ஒரு நாள், பிறகு மூடிய பாதையில் லாக். லோட் டைனோ எட்டாத தூரத்தில் இருந்து, இனர்ஷியா டைனோ மட்டுமே கிடைத்தால், குறைந்த லோடு பகுதிக்கு அதே இன்ஜினின் தொழிற்சாலை எண்களை வைத்துக்கொண்டு, முழு த்ராட்டில் வரிசையை மட்டும் அங்கே கற்றுக்கொள்ளலாம். இரண்டுமே கிடைக்காத இடத்தில், வேஸ்ட்கேட் ஸ்பிரிங் பூஸ்டைத் தாண்டாமல், தொழிற்சாலை மேப்பின் டைமிங்கைக் கூட்டாமல், எரிபொருள் மேப்பையும் நாக்கிங் கேட்பதையும் மட்டும் பழகுங்கள். டைமிங்கை ஏற்றும் வேலை டைனோ கிடைக்கும் நாள்வரை காத்திருக்கட்டும்.